சொல்லி வாங்கிய எஸ்எஸ்டி

இங்கே சொல்லப்போகும் வழக்கில் கேட்கப்பட்ட தொகை சிட்னியில் ஒரு மாத வீட்டு வாடகைக்குக்கூடக் காணாது. இருந்தும், "நல்ல எஸ்எஸ்டி எது?" என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். அந்தக் கேள்விக்கு வேகப் பட்டியலும் பிராண்டுப் பெயரும் பாதி விடைதான் தரும். மீதிப் பாதி, வாங்குகிறவர் கடையில் என்ன சொன்னார், கடைக்காரர் அதற்கு என்ன பதில் தந்தார் என்பதில் இருக்கிறது. சட்டத்தரணியாக எனக்கு அதைக் கற்றுத் தந்தவர் சிட்னியின் பென்டில் ஹில்லில் வசிக்கும் ஒரு கலியாண வீடியோக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். இங்கே அவரை அண்ணை என்றே குறிப்பிடுகிறேன். கடையின் பெயரும் எஸ்எஸ்டியின் பெயரும் வேண்டாம்.

2022இல் அவர் ஒரே கடையில் இரண்டு எஸ்எஸ்டி சேமிப்பு டிரைவ் வாங்கினார். ஒன்று எடிட்டிங் கணினிக்கு, மற்றது மகனின் பிளேஸ்டேஷன் 5க்கு. மகனுடையதில் எழுந்த சிக்கல் கடையிலேயே தீர்ந்துவிட்டது. கடை கொடுத்தது பிசிஐஇ மூன்றாம் தலைமுறை டிரைவ். பிளேஸ்டேஷன் 5 நான்காம் தலைமுறை எம்.2 என்விஎம்இ டிரைவை மட்டுமே ஏற்கும். விநாடிக்கு 5,500 மெகாபைட் வாசிப்பு வேகம் இருப்பது நல்லது என்பது சோனியின் பரிந்துரை. சூட்டைக் கடத்தும் உலோகத் தகடும் வேண்டும்; தகட்டோடு சேர்த்து மொத்த உயரம் 11.25 மில்லிமீற்றரையும் அகலம் 25 மில்லிமீற்றரையும் தாண்டக் கூடாது. கணினியின் நினைவகத்தைக் கடன் வாங்கி ஓடுகிற மலிவு டிரைவ்களுக்கு அந்தக் கன்சோல் நினைவகத்தைக் கடன் கொடுப்பதில்லை. அங்கே அவற்றின் வேகம் குறையலாம். எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் வைத்திருப்பவர்களின் கதை வேறு. அதற்கென்றே செய்த விரிவாக்க அட்டைதான் செருக முடியும். யுஎஸ்பியில் மாட்டும் எஸ்எஸ்டியில் புதிய தலைமுறை விளையாட்டுகளைச் சேமிக்கலாம், அதிலிருந்து ஓட்ட முடியாது. பையன் படம் பிடித்துக் காட்டிய பிழைச் செய்தியைப் பார்த்ததும் கடை மாற்றிக் கொடுத்தது.

வழக்கானது கணினிக்கு வாங்கிய டிரைவ்.

அவர் என் அலுவலகத்துக்கு வந்தபோது நான் முதலில் கேட்டது டிரைவைப் பற்றி இல்லை.

"அண்ணை, வாங்கேக்க கடையில என்ன சொன்னனீங்கள்?"

"கலியாண வீடியோ எடிட் பண்ணுற வேலைக்கு எண்டு சொன்னனான் தம்பி. முதல் நாளே மின்னஞ்சலிலயும் எழுதிக் கேட்டனான்."

"அவை என்ன பதில் போட்டவை?"

"'உங்கட வேலைக்கு இது தாராளமாய்க் காணும்' எண்டு."

அந்த மின்னஞ்சல் அழியாமல் இருந்தது. அதைக் கண்டதும் வழக்கு நிற்கும் என்று எனக்குப் பட்டது.

நடந்தது இதுதான். டிரைவ் முதல் நாளிலிருந்தே விசித்திரமாக நடந்தது. சிறிய கோப்புகளைக் கண் இமைக்கும் நேரத்தில் ஏற்றும். ஒரு முழுக் கலியாணத்தின் பதிவை ஏற்றத் தொடங்கினால் சிறிது நேரம் பறந்துவிட்டுப் பிறகு தவழும். இதற்குக் காரணம் உண்டு. எஸ்எஸ்டியின் உள்ளே நாண்ட் ஃபிளாஷ் சில்லுகளில் ஒவ்வொரு கலத்திலும் எத்தனை பிட் அடைக்கிறார்கள் என்பதில் விலையும் ஆயுளும் தீர்மானமாகின்றன. டிஎல்சி என்றால் மூன்று பிட், கியூஎல்சி என்றால் நான்கு. பிட் கூடக் கூட விலை இறங்கும். எழுதும் வேகமும் தாங்கும் எழுத்தின் அளவும் கூடவே இறங்கும். அந்த மந்தத்தை மறைக்க, காலியாக உள்ள இடத்தின் ஒரு பகுதியைக் கலத்துக்கு ஒரே பிட் என்று வேகமாக எழுதும் முன்கூடமாகப் பயன்படுத்துவார்கள். பெட்டியில் 'வரை' என்ற சொல்லோடு அச்சிட்ட எழுதும் வேகம் அந்த முன்கூடத்தின் வேகம். அது நிரம்பியதும் சில கியூஎல்சி டிரைவ்கள் விநாடிக்கு 100 மெகாபைட்டுக்கும் கீழே போகும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் அதைவிட வேகம். பள்ளிப் பிள்ளையின் மடிக்கணினியில் இந்தக் குறை ஒருநாளும் தெரியாது. நூற்றுக்கணக்கான கிகாபைட்டை ஒரே மூச்சில் ஏற்றுகிற வீடியோக்காரருக்கு ஒவ்வொரு வார இறுதியும் தெரியும்.

அண்ணையின் மருமகன் கணினி படித்தவர். டிரைவின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் பதிவைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்தார். அதை இணைத்து, மெதுவாக இருக்கிறது என்று அண்ணை கடைக்கு எழுதினார். "இது இயல்புதான், கவலை வேண்டாம்" என்று பதில் வந்தது. சில மாதங்களில் ஒரு காலை கணினி அந்த டிரைவைக் காணவேயில்லை. உள்ளே ஒரு கலியாணத்தின் முழுப் பதிவும் இருந்தது. கமெராவின் அட்டைகள் அடுத்த விழாவுக்காக அழிக்கப்பட்டிருந்தன. தரவு மீட்கும் ஆய்வகம், டிரைவை நடத்தும் கன்ட்ரோலர் சில்லு செத்துவிட்டது என்று எழுதித் தந்து, கொஞ்சத்தை மட்டும் மீட்டது. தாலி கட்டும் காட்சியில் ஒரு துண்டு கிடைத்தது. ஊர்வலம் முழுக்கப் போய்விட்டது.

கடை சொன்ன மூன்று காரணங்களும் எனக்குப் புதியவை அல்ல. ஒன்று, எங்கள் ஒரு வருட வாரண்டி முடிந்துவிட்டது, தயாரிப்பாளரிடம் போங்கள். இரண்டு, வீடியோ வேலையால் நீங்களே அதைத் தேய்த்துவிட்டீர்கள். மூன்று, நீங்கள் வியாபாரி, நுகர்வோர் இல்லை.

மூன்றாவதுதான் எளிதில் விழுந்தது. 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தில், தொழிலுக்கு வாங்கினாலும் விலை ஒரு வரம்புக்குள் இருந்தால் வாங்கியவர் நுகர்வோரே. மறுவிற்பனைக்கு வாங்கியிருக்கக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. அந்த வரம்பு முன்பு 40,000 டொலர். 2021 ஜூலை 1 முதல் 100,000 டொலர். டாக்ஸி ஓட்டுகிறவர், வீட்டில் தையல் வேலை செய்கிறவர், கலியாணம் படம் பிடிக்கிறவர் என்று நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. ஏபிஎன் என்ற வியாபார எண் இருப்பதாலேயே உரிமை போய்விட்டதென்று நம்பி எத்தனையோ பேர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். எனக்கு அது நெஞ்சைச் சுடுகிற விஷயம்.

வாரண்டி பற்றிய முதல் காரணத்துக்கும் சட்டத்தில் நேரடி விடை உண்டு. 54ஆம் பிரிவு, விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதத்தைக் கடைக்காரர் தலையில் வைக்கிறது. நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்தில் அடக்கம். கடை தானாகத் தரும் வாரண்டி முடிவதால் இது முடியாது. 64ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் எழுதியும் இதை விலக்க முடியாது. எவ்வளவு காலம் உழைக்க வேண்டும் என்று மாதக் கணக்கில் சட்டம் சொல்வதில்லை. பொருளின் தன்மை, விலை, பெட்டியில் எழுதியவை, விற்றவர் சொன்னவை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது. அண்ணையிடம் பெட்டி இருந்தது. ஐந்து வருடம் அல்லது குறிப்பிட்ட டெராபைட் எழுத்து, எது முதலில் வருகிறதோ அதுவரை என்று தயாரிப்பாளரே அதில் அச்சிட்டிருந்தார். டிரைவ் இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. தயாரிப்பாளரிடம் போவதும் வாங்கியவரின் உரிமைதான். ஆனால் அங்கே போ என்று கடை தள்ளிவிட முடியாது. கடைக்காரருக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது: தயாரிப்பால் வந்த குறைக்கு அவர் கொடுத்ததை 274ஆம் பிரிவின்கீழ் தயாரிப்பாளரிடம் மீட்கலாம். சின்னக் கடைகள் இந்தப் பிரிவை அறிந்திருந்தால் இவ்வளவு பயப்பட மாட்டார்கள்.

இந்த விஷயத்தில் கணினிக் கடைகளுக்கு எச்சரிக்கை இல்லாமல் போகவில்லை. மெல்பேர்னைத் தளமாகக் கொண்டிருந்த எம்எஸ்வை டெக்னொலொஜி, உதிரிப் பாகம் வாங்குகிற இளைஞர்களுக்கெல்லாம் தெரிந்த பெயர். பழுதான பொருள் பற்றிய உரிமைகளைத் திரித்துச் சொன்னதற்காக 2011இல் 203,500 டொலரும், மறுபடி 2017இல் 750,000 டொலரும் தண்டமாகக் கட்ட ஃபெடரல் நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டு முறையும் வழக்குத் தொடுத்தது ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம். பிளேஸ்டேஷன் விளையாட்டுகளின் பணத்தைத் திருப்புவது பற்றித் தவறாகச் சொன்னதற்கு சோனியின் ஐரோப்பிய நிறுவனம் 2020இல் 3.5 மில்லியன் டொலர் தண்டம் கட்ட வேண்டி வந்தது. இவற்றின் பிரதிகளை எங்கள் கோப்பில் வைத்தேன்.

வழக்கு உண்மையில் நின்றது இரண்டாவது காரணத்தில்: தேய்த்துவிட்டீர்கள். 54(6) கடைக்காரருக்கு உதவும் பிரிவு. வாங்கியவரே அசாதாரணமாகப் பாவித்துக் கெடுத்திருந்தால் உத்தரவாதம் மீறப்பட்டதாகாது. எழுத எழுதத் தேய்வது எஸ்எஸ்டியின் இயல்பு என்பதால் இந்த வாதம் கேட்பவருக்கு நியாயமாகப் படும். ஒரு டெராபைட் டிஎல்சி டிரைவ்களில் பலவற்றுக்கு 600 டெராபைட் எழுத்து என்று எழுதியிருப்பார்கள். கியூஎல்சியில் 200க்கு அருகிலும் உண்டு. வீடியோக்காரர் அதைக் கடந்திருக்கலாமே என்று யாரும் நினைப்பார்கள். செத்த டிரைவின் ஸ்மார்ட் பதிவை இனி வாசிக்கவும் முடியாது.

அப்போதுதான் மருமகனின் ஸ்கிரீன்ஷாட் எழுந்து நின்றது. அனுமதிக்கப்பட்ட எழுத்தில் பத்தில் ஒரு பங்குகூட முடியவில்லை என்று அது காட்டியது. தேதியோடு கடையின் சொந்த மின்னஞ்சல் பெட்டியில் கிடந்தது. அண்ணைக்குச் சிலர் எஸ்எஸ்டி தேய்ந்துதான் சாகும் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியில்லை. கன்ட்ரோலரோ அதன் உள்மென்பொருளான ஃபர்ம்வெயரோ பழுதானாலும் அது போய்விடும். ஹெச்பி என்டர்பிரைஸ் 2019 நவம்பரில் தன் சேவையக டிரைவ்கள் சிலவற்றைப் பற்றி வெளியிட்ட அறிவித்தலை இணைத்தோம். ஃபர்ம்வெயரைத் திருத்தாவிட்டால் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் அவை செத்துவிடும். தேய்மானத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சாம்சங்கின் 980 புரோ, 990 புரோ போன்ற உயர்ந்த வகைகளுக்கே ஃபர்ம்வெயர் திருத்தம் தேவைப்பட்டது.

இன்னொரு வாதத்தை நான் எடுக்கவில்லை. அண்ணை வாங்குவதற்கு முன் வாசித்த மதிப்புரையில் அந்த டிரைவ் டிஎல்சி என்று இருந்தது. கைக்கு வந்தது கியூஎல்சி போல நடந்தது. பெயரை மாற்றாமல் உள்ளுறுப்பை மாற்றுவது இந்தத் தொழிலில் நடக்கிற காரியம். 2021இல் குருஷியல் பி2 டிஎல்சியிலிருந்து கியூஎல்சிக்கு மாறியது வெளியே வந்தது. அதே வருடம் டபிள்யூடி புளூ எஸ்என்550இன் ஃபிளாஷ் மாறி, முன்கூடம் நிரம்பிய பிறகான வேகம் வெகுவாகக் குறைந்தது. இனி அறிவித்த விவரங்களைப் பாதிக்கும் மாற்றத்துக்கு மாதிரி எண்ணையும் மாற்றுவோம் என்று அந்த நிறுவனம் வாக்களித்தது. விவரிப்போடு பொருள் பொருந்த வேண்டும் என்கிறது 56ஆம் பிரிவு. ஆனால் எங்கள் பெட்டியிலோ கடையின் பட்டியலிலோ டிஎல்சி என்ற சொல்லே இல்லை. மதிப்புரை எழுதியவரின் வாக்கைக் கடையின் வாக்கென்று சொல்ல முடியாது. பலமான வாதத்தோடு பலவீனமானதைச் சேர்த்தால் இரண்டுமே மெலியும் என்று விட்டுவிட்டேன். 55ஆம் பிரிவு போதும்: வாங்குகிறவர் தன் தேவையைச் சொன்னார், விற்கிறவரின் அறிவை நம்பி வாங்கினார், பொருள் அந்தத் தேவைக்கு உதவவில்லை.

நியூ சவுத் வேல்ஸ் குடியியல் மற்றும் நிர்வாகத் தீர்ப்பாயத்தில் இப்படியான வழக்குகளைக் கட்சிக்காரர் தாமே பேச வேண்டும். சட்டத்தரணி பேச அனுமதி கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. காகிதங்களை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொன்றும் எதை நிரூபிக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். முதலில் சமரசப் பேச்சு, அது சரிவரவில்லை. விசாரணையில் தீர்ப்பாய உறுப்பினர் கடைக்காரரிடம் அந்த முதல் மின்னஞ்சலை வாசிக்கச் சொன்னார். பிறகு அண்ணையைப் பார்த்து, ஏன் இன்னொரு பிரதி வைத்திருக்கவில்லை என்று கேட்டார். அண்ணை, அந்த வாரம் அடுத்தடுத்து இரண்டு கலியாணம், பிரதி எடுக்கிற வேகத்தில் டிரைவ் இல்லை என்றார். பாடமாக்கிச் சொன்னதல்ல. அதனால்தான் அது எடுபட்டது என்று நினைக்கிறேன்.

குறை பெரியது என்று முடிவானது. பெரிய குறையென்றால் பணமா மாற்றுப் பொருளா என்று தேர்ந்தெடுப்பவர் வாங்கியவர்தான். டிரைவின் விலை முழுதும், தரவு மீட்புச் செலவில் ஒரு பகுதியும் கிடைத்தன. மாப்பிள்ளை வீட்டாருக்கு அண்ணை திருப்பிக் கொடுத்த பணம் கிடைக்கவில்லை. முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய நட்டத்தைச் சட்டம் தரும். ஆனால் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் அட்டைகளை அழிக்குமுன் இன்னொரு பிரதி எடுத்திருக்க வேண்டும் என்று உறுப்பினர் கருதினார். அந்தப் பகுதியில் அவர் சொன்னது சரியென்றே எனக்கும் படுகிறது.

அடுத்த டிரைவ் வாங்க முன் அண்ணை வேறொரு கடைக்கு எழுதினார். எழுதியதை எனக்கும் அனுப்பியிருந்தார். மணிக்கணக்கான நாலு கே வீடியோ எடிட் செய்கிறேன்; ஒரே தடவையில் ஐந்நூறு கிகாபைட் வரை ஏற்றுவேன். இது டிஎல்சியா கியூஎல்சியா? சொந்த நினைவகம் (டிராம்) உண்டா? முன்கூடம் நிரம்பிய பிறகு எழுதும் வேகம் என்ன? மொத்த எழுத்து உத்தரவாதம் எவ்வளவு? பழுதானால் நீங்களே பொறுப்பெடுப்பீர்களா? கடை முதல் இரண்டுக்கும் நான்காவதுக்கும் நேராகப் பதில் தந்தது. மூன்றாவதுக்கு, நீங்கள் கேட்கிற மாதிரி இதைவிட அது பொருந்தும் என்று சற்று விலை கூடிய வேறொன்றைக் காட்டியது. ஐந்தாவதுக்கு, ஆம், எங்களிடமே கொண்டு வாருங்கள் என்று எழுதியது. அண்ணை அந்த விலை கூடியதை வாங்கினார். பிரதிக்கென்று ஒரு சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்த்து.