அணிற்பிள்ளைகள் மூன்று

2021ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், திருவிழாவை முன்னிட்டுக் கோயில் வளாகத்துத் தென்னைகளைத் துப்புரவு செய்யுமாறு பணித்தவர் யாமே. காய்ந்த மட்டைகளோடு அணிற்கூடு ஒன்றும் கீழே விழுந்தது. நாரும் பஞ்சும் கொண்டு பின்னிய அக்கூட்டிலிருந்து, மயிர் முளையாத, கண் திறவாத மூன்று குட்டிகள் மணலில் நெளிந்தன. தாயணில் மதிற்சுவரின்மேல் அங்குமிங்கும் ஓடிக் கீச்சிட்டுக்கொண்டேயிருந்தது.

“மனுச வாடை பட்டுட்டா தாய் சேர்க்காது, சாமி” என்றார் கோயிற்பிள்ளை. யாமும் நம்பினோம். குட்டிகளைக் காலணிப் பெட்டியில் இட்டுக் குருமனைக்குள் எடுத்துச் சென்றோம். அப்போது எம்மைப் பற்றி எமக்கே சற்று உயர்ந்த எண்ணம் உண்டாயிற்று என்பதை மறைப்பதற்கில்லை.

பசும்பாலில் நீர் கலந்து, கைக்குழந்தையைப் போல் மல்லாக்கக் கிடத்தி, மை நிரப்பும் குழலால் ஊட்டினோம். ஒன்றுக்குப் பால் மூக்கின் வழியே வந்தது. இரவெல்லாம் மூச்சுக்குத் திணறி, விடியுமுன் இறந்தது. மற்றொன்று வயிற்றுப்போக்கால் மூன்றாம் நாள் மடிந்தது. இறையியலும் மெய்யியலும் ஆண்டுக்கணக்கில் பயின்ற எமக்கு, விரல் நீள உயிருக்குப் பாலூட்டத் தெரியவில்லை.

அதன்பின்னரே கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்தோம். குளிர்ந்த உடலில் பால் செரிக்காதாம். முதலில் சூடேற்ற வேண்டும். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைக்க வேண்டும். சூடு மிகுந்தால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். பசும்பால் ஆகாது, நாய்க்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவைக் கரைத்து, குட்டியைக் குப்புறப் பிடித்துத் துளித்துளியாக ஊட்ட வேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றைத் தடவாவிடில் சிறுநீரும் கழியாது. தாய் நாவால் நக்கிச் செய்யும் வேலை அது.

யாவும் கூறி முடித்துக் கை கழுவும்போது, “தாய் பக்கத்தில் இருந்ததா, சாமி?” என்று கேட்டார். இருந்தது என்றோம்.

“பெட்டியோடு மரத்தடியில் வைத்துவிட்டு, பூனை வராமல் தூரத்தில் நின்று பார்த்திருக்கலாம். தாய் வாயில் கவ்விக்கொண்டு வேறு கூட்டுக்குப் போயிருக்கும். மனித வாடையெல்லாம் அதற்குப் பொருட்டல்ல.”

யாம் மறுமொழி கூறவில்லை.

காட்டோரத்தில் வாழும் வாசகர்கள் இதையும் கேளுங்கள். புதரில் தனித்துக் கிடக்கும் மான்குட்டியும் முயற்குட்டியும் பெரும்பாலும் அநாதைகள் அல்ல. தாய் அவற்றை ஒளித்து வைத்துவிட்டு மேயச் செல்கிறது. பாலூட்டும் வேளைக்கு மீண்டும் வரும். தாய் இறந்தது உறுதியானால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள், வீட்டிற்குக் கொண்டுவராதீர்கள்.

மூன்றாம் குட்டி பிழைத்தது. கண் திறந்தது, முதுகில் கோடுகள் தெளிந்தன. எமது அங்கிப் பையிலேயே உறங்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பெரும் மகிழ்ச்சி. எமக்கோ கவலை. பூனை அருகில் வந்தபோதும் அது ஓடவில்லை. மரத்து அணில்கள் வாலை உதறிக் கத்தினால் ஆபத்து என்று பொருள். அதை இதற்குக் கற்பிக்க எவர் இருந்தார்? ஆதலால் கையில் எடுப்பதை நிறுத்தினோம். கம்பிவலைக் கூண்டொன்றை வேப்பமரத்தில் கட்டி, பழமும் நிலக்கடலையும் அங்கேயே வைத்தோம். சில வாரங்களுக்குப்பின் கதவைத் திறந்துவிட்டோம். சில இரவுகள் கூண்டுக்குத் திரும்பியது, பிறகு திரும்பவில்லை.

பூனை கொண்டுபோயிற்றோ, வேறு கூடு கட்டிக்கொண்டதோ, அறியோம். யாம் அப்பங்கிலிருந்து மாற்றலாகி வரும்வரை, “சாமி, நம்ம அணில் எது?” என்று பிள்ளைகள் வேம்பை அண்ணாந்து பார்த்துக் கேட்பதுண்டு. எல்லாவற்றின் முதுகிலும் மூன்று கோடுகளே இருந்தன.