ஒரே மாவு, நூறு பலகாரம்!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய பிராசஸரும் பல பழைய கணினிகளில் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்? அப்படித் தயங்கும் வீடுகளில், விஷயம் தெரிந்த யாராவது சொல்வது ஒன்றுதான்: ‘பேசாமல் லினக்ஸ் போட்டுவிடுங்களேன்!’

சரி என்று தலையாட்டியதும் அடுத்த கேள்வி வந்து நிற்கிறது. ‘எந்த லினக்ஸ்?’

உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன், ஆர்ச், ஓப்பன்சூசே, பப்பி... பட்டியல் நூற்றுக்கணக்கில் நீள்கிறது. தீபாவளி நேரத்துப் புடவைக் கடையில், பிரித்துப் போட்ட குவியலின் முன் உட்கார்ந்திருப்பது போன்ற நிலைமைதான். அங்கேயாவது ‘இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்மா’ என்று சொல்ல ஒரு விற்பனையாளர் இருப்பார். இங்கே பத்துப் பேரிடம் கேட்டால் பதினோரு பதில் வரும். அதில் நான்கு பேர் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஏன் இத்தனை? காரணம் எளிது. லினக்ஸ் என்பது உண்மையில் மாவு மட்டும்தான். 1991-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய ‘கெர்னல்’ அது. கணினியின் உறுப்புகளை வேலை வாங்கும் அடிப்படை நிரல். அவர் அதற்கு முதலில் யோசித்த பெயர் ‘ஃபிரீக்ஸ்’. கோப்புகளை இணையத்தில் ஏற்றிவைத்த நண்பருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவர் பாட்டுக்கு ‘லினக்ஸ்’ என்று வைத்துவிட்டார். 1992-ல் அது ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் மூலநிரலையும் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை.

மாவை வைத்து இட்லி ஊற்றுவதா, ஊத்தப்பமா, குழிப்பணியாரமா என்பது அடுப்படியில் நிற்பவர் முடிவு. அப்படி கெர்னலோடு மற்ற மென்பொருள்களைச் சேர்த்து, நிறுவத் தயாராக ஒருவர் கட்டிக் கொடுக்கும் பொட்டலம்தான் ‘டிஸ்ட்ரோ’. 1993-ல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், இன்றும் இருக்கும் பழைய டிஸ்ட்ரோக்களில் ஒன்று. தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ‘டாய் ஸ்டோரி’ படத்துப் பாத்திரங்களின் பெயர். எப்போதும் சோதனையிலேயே இருக்கும், எந்த நேரமும் உடையக்கூடிய பதிப்புக்கு நிரந்தரப் பெயர் ‘சிட்’. படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன்!

இந்தச் சுதந்திரம் எதற்கு உதவும் என்பதை 2011-ல் நடந்ததைப் பார்த்தால் புரியும்.

அதுவரை பெரும்பாலானோர் புழங்கியது க்னோம் 2 என்ற டெஸ்க்டாப். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, நடுவில் ஐகான்கள். ஏப்ரலில் க்னோம் 3 வந்தது. கீழ்ப்பட்டை போய்விட்டது. ஐகான்களைக் காணோம். விண்டோவைச் சுருக்கும் பொத்தான்கூட எடுக்கப்பட்டிருந்தது. அதே மாதம் உபுண்டுவும் தன் சொந்த ‘யூனிட்டி’ டெஸ்க்டாப்பை முன்னால் கொண்டுவந்தது. வெளியூர் போய்த் திரும்பினால், சமையலறையில் அஞ்சறைப்பெட்டி முதல் அடுப்பு வரை யாரோ இடம் மாற்றி வைத்திருப்பது போல. மாற்றியவர்களின் எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் கடுகு எங்கே?

கோபப்பட்டவர்களில் லினஸ் டோர்வால்ட்ஸும் ஒருவர். பகிரங்கமாகவே திட்டிவிட்டு, எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய டெஸ்க்டாப்புக்குப் போனார்.

வேறு நிறுவனத்தின் பொருளாக இருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும். விண்டோஸ் 8-ல் ஸ்டார்ட் பொத்தான் காணாமல் போனபோது, பயன்படுத்தியவர்களில் பலர் புலம்பிக்கொண்டு காத்திருந்தார்கள். இங்கே, ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனர் க்னோம் 2-ன் பழைய நிரலை எடுத்துத் தூசி தட்டி, அதற்கு ‘மாட்டே’ என்று பெயர் வைத்தார். அவர் ஊர்ப்பக்கம் எல்லோரும் குடிக்கும் இலைப் பானத்தின் பெயர். லினக்ஸ் மின்ட் குழுவினரோ க்னோம் 3-ன் உள்பாகங்களை வைத்துக்கொண்டு, பழைய முகத்தோடு ‘சினமன்’ என்ற டெஸ்க்டாப்பைக் கட்டினார்கள். இரண்டும் இன்றும் இருக்கின்றன. பலர் தினமும் பயன்படுத்துகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 2017-ல் உபுண்டு யூனிட்டியைக் கைவிட்டபோது, அதற்குள் அதில் பழகிவிட்டவர்கள் கலங்கினார்கள். அந்த டெஸ்க்டாப்போடு உபுண்டுவைத் திரும்ப உருவாக்கி 2020-ல் வெளியிட்டது யார் தெரியுமா? இந்தியாவைச் சேர்ந்த ஒரு பள்ளிச் சிறுவன். 2022-ல் அது உபுண்டு குடும்பத்தின் அதிகாரபூர்வ உறுப்பினராகவே ஆனது. டோர்வால்ட்ஸ்? அவர் 2013-லேயே க்னோமுக்குத் திரும்பிவிட்டார். தனக்கு வேண்டாததை மாற்றிக்கொள்ள அதற்குள் சின்னச் சின்ன இணைப்புகள் வந்திருந்தன.

பணம் புழங்கும் இடத்திலும் இது நடந்திருக்கிறது. சர்வர்களில் பரவலாக ஓடிய சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பியிருந்தார்கள். 2020 டிசம்பரில், ஒரே வருடத்தில் முடிகிறது என்று ரெட்ஹேட் அறிவித்தது. சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சர் உடனே ‘ராக்கி லினக்ஸ்’ வேலையில் இறங்கினார். மறைந்த தன் சக நிறுவனர் ஒருவரின் பெயரையே அதற்கு வைத்தார். அல்மாலினக்ஸ் இன்னொரு பக்கம் வந்தது. இரண்டுமே 2021 பாதிக்குள் கையில் கிடைத்துவிட்டன.

அதற்காக எல்லாம் சுகம் என்று சொல்லிவிட முடியாது. பிரிந்து போகும் உரிமைக்கு ஒரு விலை இருக்கிறது. கடலில் முக்குளிப்பவர்களுக்காக டோர்வால்ட்ஸே எழுதிய ஒரு மென்பொருள் உண்டு, ‘சப்சர்ஃபேஸ்’. விண்டோஸுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று கொடுத்தால் போதும். லினக்ஸுக்கோ டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ தனித்தனியாகக் கட்ட வேண்டியிருக்கிறதே என்று 2014-ல் டெபியன்காரர்கள் கூட்டிய மாநாட்டிலேயே அவர் அலுத்துக்கொண்டார். பெத்த தகப்பனுக்கே இந்த நிலைமை! மென்பொருள் நிறுவனங்கள் லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு எழுதத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபிளாட்பேக், ஸ்நாப் என்று எல்லா டிஸ்ட்ரோவிலும் ஓடும் பொட்டலங்கள் இப்போது வந்திருக்கின்றன. அதிலும் எது சிறந்தது என்று இரண்டு கட்சி. விடுவார்களா?

உண்மையில் புதிதாக வருபவருக்கு நூறு தேர்வுகள் தேவையே இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்று, அது பிடிக்காவிட்டால் இன்னொன்று. ‘எல்லாவற்றையும் ஆராய்ந்து நீங்களே முடிவு பண்ணுங்க’ என்று சொல்வது பெருந்தன்மை போலத் தெரியும். கேட்பவருக்கு அது கைகழுவுவதுதான். விண்டோஸில் பழகியவருக்கு சினமனோடு வரும் மின்ட், மிகப் பழைய கணினிக்கு லுபுண்டு. இப்படி இரண்டு பெயர் சொன்னால் போதும். உபுண்டுவே வேண்டும் என்றால், இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வரும் ‘எல்டிஎஸ்’ பதிப்பு நல்லது. ஐந்தாண்டு ஆதரவு உண்டு. மற்ற பதிப்புகளுக்கு ஒன்பது மாதம்தான்.

கணினியில் இருப்பதை அழிக்காமலேயே பார்க்கவும் வழி இருக்கிறது. டிஸ்ட்ரோவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். வைஃபை கிடைக்கிறதா, பிரின்டர் பேசுகிறதா, தமிழ்99-ல் தட்டச்சு செய்ய முடிகிறதா என்று இரண்டு நாள் ஓட்டிப்பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். டேலி, ஃபோட்டோஷாப் போன்றவை நேரடியாக ஓடாது. பிழைப்பே அவற்றில்தான் என்றால் மாறாமல் இருப்பதே உத்தமம். எப்படியானாலும், ‘இன்ஸ்டால்’ பொத்தானை அழுத்துமுன் குடும்பப் புகைப்படங்களை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவைக்க வேண்டும்.

நிறுவிய பிறகும் தேர்வு முடிவதில்லை. ஒரே கணினியில் இரண்டு மூன்று டெஸ்க்டாப்புகளைச் சேர்த்தே போட்டுவைக்கலாம். கடவுச்சொல் கேட்கும் திரையில், பல டிஸ்ட்ரோக்களில், மூலையில் ஒரு சின்னப் பற்சக்கரம் இருக்கும். அதைத் தொட்டால் பட்டியல் விரியும். பேங்க் வேலை பார்க்கும் அப்பா சினமனில் நுழையலாம். அதே லேப்டாப்பில் மகள் தன் பெயரைத் தட்டி கேடிஇ-க்குள் போகலாம். அடுத்த முறை வரும்போது, யாருக்கு எது என்பதை அதுவே ஞாபகம் வைத்திருக்கும்.