பரிசலுக்கு ஒரு பாய்

கப்பல் என்றால் அதற்கு மேல்தட்டு, கீழ்த்தட்டு என்றெல்லாம் உண்டு. சாதாரணத் தோணியில்கூட உட்கார ஒரு குறுக்குப் பலகை, கால் வைக்க நாலு சட்டம் இருக்கும். பரிசலுக்கு இந்த ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. மூங்கில் பிளாச்சுகளால் முடைந்த ஒரு பெரிய கூடை; கூடையின் அடியே தரை; தரைக்கு அடியில் ஓர் உறை; உறைக்கு அடியில் காவேரி. அவ்வளவுதான். இதற்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று கேட்டால் ஓட்டுகிறவரே சிரித்துவிடுவார்.

ஆகவே, பரிசலின் உட்புறத்துக்குத் தரைவிரிப்பு ஒட்டலாமா என்ற கேள்வி யாருக்கும் தோன்ற நியாயமில்லை. நம்முடன் ஒகேனக்கல்லுக்கு வந்திருந்த நம் தமக்கை மகனுக்கு அது தோன்றிவிட்டது. பிள்ளையாண்டான் சேலத்தில் வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் வினைல் விரிப்பு ஒட்டிக் கொடுக்கும் தொழில் செய்கிறவன். தரை என்று ஒன்றைக் கண்டுவிட்டால் அவன் கை தானாகவே அளவு நாடாவைத் தேடும். அவன் கேட்ட கேள்வியும், அதற்குப் பரிசல்காரர் ஒருவர் சொன்ன பதிலும் நேயர்களுக்குச் சொல்லத் தக்கவை என்பது நமது அபிப்பிராயம்.

ஒகேனக்கல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகப் போனால் 46 கிலோமீட்டர். 1965-ஆம் வருஷம் வரையில் இதெல்லாம் சேலம் ஜில்லாவாக இருந்தது. 'ஹொகே' என்றால் கன்னடத்தில் புகை. நீர் விழுகிற வேகத்தில் கல்லே புகைவது போலத் தோன்றுவதால் வந்த பெயர். அங்கே கார்பனடைட் என்ற மிகப் பழைய பாறை இருப்பதாகப் பூமி சாஸ்திரிகள் சொல்லுகிறார்கள். பாறையின் வயதைப் பற்றிப் பரிசல்காரர்களுக்கு அக்கறை இல்லை. அதன் விளிம்புகளைப் பற்றித்தான் அக்கறை. நீருக்கு ஒரு சாண் கீழே எந்த விளிம்பு எங்கே காத்திருக்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

அந்த விளிம்புக்கும் நமக்கும் நடுவில் இருப்பது அந்த உறை ஒன்றுதான். உலகத்தில் வட்டப் படகு கட்டிய ஜனங்கள் அத்தனை பேருக்கும் இது தெரிந்திருக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 450 வருஷங்களுக்கு முன்னே ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்கர் பாபிலோன் நகரத்துப் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவை கேடயம் போல் வட்டமானவை. ஆர்மீனியாவில் மரக்கிளைகளை வளைத்துச் சட்டம் கட்டி, வெளியே தோலை இழுத்துப் போர்த்தி, உள்ளே வைக்கோலை அடைத்துச் சரக்கை ஏற்றி ஆற்றோடு விட்டுவிடுவார்களாம். ஒவ்வொரு படகிலும் ஒரு கழுதையும் பிரயாணம் செய்யுமாம்! எதற்கென்றால், பாபிலோன் போய்ச் சேர்ந்ததும் சரக்கை விற்பார்கள். சட்டத்தையும் வைக்கோலையும் விற்பார்கள். தோலை மட்டும் விற்க மாட்டார்கள். அதைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு தரைமார்க்கமாக ஊர் திரும்புவார்கள். எதிர்நீச்சலில் படகு வராது; ஆனால் தோல் இருந்தால் அடுத்த படகு தயார்.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. 1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த டொமிங்கோ பயஸ் என்ற போர்த்துக்கீசியர், துங்கபத்திரையைக் கடக்க உதவிய கூடைப் படகுகளைக் கண்டு வியந்திருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல். 15, 20 பேர் ஏறலாம். அவசியமானால் குதிரையும் மாடும்கூட ஏறலாம். ஆனால் நேராகப் போகத் தெரியாமல் சுற்றிக்கொண்டே போகும் என்கிறார். ஐந்நூறு வருஷம் ஆகியும் சுற்றுவது நிற்கவில்லை. தோல்தான் போய்விட்டது. வேல்ஸ் தேசத்திலும் இதே கதை. அங்கே தோலுக்குப் பதில் துணியும் கீலும் வந்தன. ஈராக்கில் 'குஃபா' என்னும் கூடைக்குக் கீலையே அப்பிப் பூசினார்கள். காவேரிக் கரையில் மாட்டுத்தோல் போய்ப் பிளாஸ்டிக்கும் தாரும் வந்திருக்கின்றன. கண்ணாடியிழையில் ஒரே வார்ப்பாக வார்த்த பரிசல்களும் ஆறுகளில் இறங்கிவிட்டன.

இந்த மாறுதலால் நம் பெரியம்மாளைப் போன்ற ஆசாரசீலர்களுக்குப் பெரிய சௌகரியம். பரிசலைக் கண்டதுமே அவள், "இது மாட்டுத்தோல்தானே? நான் ஏறமாட்டேன்" என்றாள்.

"தோலெல்லாம் எங்க அப்பா காலத்தோட போச்சுங்கம்மா. இது பிளாஸ்டிக்" என்றார் பரிசல்காரர்.

பெரியம்மா கொஞ்சம் யோசித்தாள். "பிளாஸ்டிக்கா? அது கிழிந்துவிடாதோ? தோலாக இருந்தாலாவது கெட்டியாக இருக்குமே!" என்றாள்.

நாம் போன சமயம் ஆற்றில் தண்ணீர் அதிகம். பிலிகுண்டுலுவில் அளந்து, வரத்து மிஞ்சினால் பரிசல் ஓட்டக் கூடாது என்று ஜில்லா அதிகாரிகள் தடை போட்டுவிடுவார்கள். தடை நீங்க இரண்டு நாள் ஆகும் என்றார்கள். பிரயாணிகளுக்கு இது ஏமாற்றம். பரிசல்காரர்களுக்குக் கூலி இல்லாத நாள். ஆனால் அந்த நாட்களில்தான் அவர்கள் பழைய பரிசலுக்குப் புது அடி போடுகிறார்கள்.

நமக்கு அறிமுகமான அந்தப் பெரியவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். சுமார் 7 அடி விட்டமுள்ள பரிசலை ஆமையைப் போலக் கவிழ்த்துப் போட்டிருந்தார். பழைய உறையை உரித்துவிட்டு, நொறுங்கிய பிளாச்சுகளின் பக்கத்திலேயே புதுப் பிளாச்சுகளைச் செருகிப் பின்னினார். உடைந்ததை ஏன் உருவிப் போடவில்லை என்று கேட்டோம். அதை உருவினால் பக்கத்திலுள்ள நாலு பிளாச்சு தளர்ந்துவிடுமாம். பிறகு, பிளாஸ்டிக் சாக்குகளைப் பிரித்துத் தைத்த ஒரு பெரிய விரிப்பைக் கூடைமேல் போர்த்தினார்.

இங்கேதான் வேலையின் சூட்சுமம் இருக்கிறது. தட்டையான துணியை உருண்டையான பாத்திரத்தின் மேல் போர்த்தினால் மடிப்பு விழாமல் இராது. அடிப்பாகத்தில் ஒரு மடிப்பும் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் பக்கவாட்டுக்குத் தள்ளி, ஒரே திசையில் படிய வைத்து, விளிம்பில் இழுத்துத் தைக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கிற ஒரு மடிப்பு போதும். பாறை அதைப் பிடித்து இழுத்துவிடும். பெரியவர் முழங்காலால் அழுத்திக்கொண்டு, கோணி ஊசியால் தைத்துக்கொண்டே வட்டமாக நகர்ந்தார். ஒரு சுற்று வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அப்புறம் மூன்று கல் அடுப்பில் தார் உருகியது. புகை சற்றுக் கனமாகக் கிளம்பினால் விறகை வெளியே இழுத்துவிடுவார். அதிகச் சூட்டில் ஊற்றினால் சாக்கே உருகிப் போகும். கோலில் சுற்றிய பழந்துணியைத் தாரில் தோய்த்து, தையல் வாயில் முதலில், மற்ற இடத்தில் பிறகு என்று பூசினார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த நம் மருமகன் காரின் பின்பெட்டியைத் திறந்து ஒரு சுருளை எடுத்துவந்தான். எங்கோ ஒரு வீட்டில் மிஞ்சிய வினைல் விரிப்பு. தேக்குப் பலகை போல் அச்சிட்டது. இரண்டு மில்லிமீட்டர் கனம். இந்த வினைல் ஆரம்பத்தில் ஒன்றுக்கும் உதவாத கெட்டிப் பொருளாக இருந்ததாம். 1926-இல் வால்டோ செமன் என்ற அமெரிக்க ரசாயனி அதை ஓர் எண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சி, தோல் போல் வளையும்படி செய்தார். இந்தக் காவேரிக் கரையிலேயே, கீழே மேட்டூரில், 1967 முதல் இதற்கு மூலமான பி.வி.சி. தயாராகிறது. ஆகையால் ஆற்றுக்கு இது அந்நியப் பொருள் அல்ல என்று வைத்துக்கொள்ளலாம்.

"அண்ணா, இதை உள்ளே வட்டமாக வெட்டிப் பசை போட்டு ஒட்டித் தருகிறேன். காசு வேண்டாம். உட்காருகிறவர்களுக்கு மூங்கில் குத்தாது, சேலை மாட்டிக் கிழியாது, கழுவிவிட்டால் பளிச்சென்று இருக்கும்" என்றான். உட்கார்ந்து பழகிய நமக்கு இவை அற்பக் காரணங்களாகப் படவில்லை.

பெரியவர் சுருளைத் தடவிப் பார்த்தார். விரலால் மடித்துப் பார்த்தார். "நல்ல சரக்குத்தான் தம்பி. ஆனா உள்ளே ஒட்டிட்டா ஓட்டை எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

மருமகனுக்கு உடனே புரியவில்லை; நமக்கும் புரியவில்லை. அவர் விளக்கினார். பாறை உரசி அடியில் கீறல் விழுந்தால், கூடைக் கண் வழியாக நீர் கசிவது முதலில் அவர் கண்ணுக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் துணியை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டுக் கரைக்குத் திருப்பிவிடுவார். மேலே விரிப்பு ஒட்டியிருந்தால் நீர் அதன் அடியிலேயே ஓடி, எங்கேயோ ஒரு மூலையில் தலையைக் காட்டும். "தண்ணி வர்ற எடம் ஒண்ணு, தெரியற எடம் ஒண்ணுன்னு ஆச்சுன்னா, நடு ஆத்துல நான் எதைப் போய் அடைப்பேன்?" என்றார். அவருடைய பரிசலில் ஏறுகிறவர்கள் மிதவைச் சட்டை மாட்டிக்கொள்ளுகிறார்கள். அது மூழ்காமல் காக்கும். ஓட்டையைக் காட்டித் தராது.

இரண்டாவது காரணத்தையும் சொன்னார். வெளியே தார் பூசியாயிற்று. உள்ளேயும் மூடிவிட்டால் நடுவே அகப்பட்ட மூங்கிலின் கதி என்ன? ஏறுகிறவர்களின் காலோடு தண்ணீர் வரும், சாரலில் வரும், விளிம்பு வழியாக இறங்கும். இறங்கிய தண்ணீருக்கு ஏறிப்போக வழி இல்லை. "மேலே பளபளன்னு இருக்கும், உள்ளே அழுகிட்டிருக்கும்" என்றார்.

இதைக் கேட்டதும் மருமகன் தலையைச் சொறிந்துகொண்டான். அவனுடைய தொழிலிலும் இதே தொல்லைதான் என்பது அப்புறம் தெரியவந்தது. சிமெண்டுத் தரை முழுதும் காயாமல் வினைலை ஒட்டினால் குமிழ் குமிழாகக் கிளம்பிவிடும். அதனால், முதல் நாள் இரவு ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் நாடா ஒட்டித் தரையில் பதித்துவிட்டு, காலையில் அதன் அடியில் வியர்த்திருக்கிறதா என்று பார்ப்பார்களாம். மேல்நாட்டில் சிறு படகுகளின் தட்டுக்கு ஒட்டுப்பலகை போட்டு அதன்மேல் வினைல் ஒட்டுகிறவர்களும் இதே பயத்தில்தான் இருக்கிறார்கள். கயிறு கட்டும் கொக்கிக்காகப் போட்ட ஒரு திருகாணித் துளை போதும். அதன் வழியே நீர் இறங்கிப் பலகை உளுத்துப்போன பிறகுதான் கால் உள்ளே போகும்.

மூன்றாவது காரணத்தை மருமகனே சொன்னான். தாருக்கும் வினைலுக்கும் ஆகாது. வினைலை வளைய வைக்கிற அந்த எண்ணெய் மெல்ல மெல்லத் தாருக்குப் போய்விடும். விரிப்பு சுருங்கி விறைத்துப்போகும். கட்டடத்தில் இவை இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் நடுவே வேறொரு தாளைப் போடுவது வழக்கமாம். கூடைக் கண் வழியாகத் தார் பொங்கி நிற்கிற பரிசலில் எந்தத் தாளைப் போடுவது?

கூடை, பாறையில் மோதும்போது நெளிகிறது. நெளிவதால்தான் உடையாமல் தப்புகிறது. ஒட்டின விரிப்பு அதை நெளியவிடாது என்பது நம்முடைய சொந்த யோசனை. பெரியவர் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. மருமகன் விரிப்பை வட்டமாக வெட்டி, அந்த வட்டத்தை இரண்டு அரைச்சந்திரனாக்கினான். பசை இல்லை, ஆணி இல்லை, பழைய கோணியைக் கீழே போட்டு அதன்மேல் வெறுமனே விரிப்பது. எந்தப் பாதியையும் எந்த நிமிஷத்திலும் தூக்கிப் பார்க்கலாம். "இது பாய்தானே? தாராளமா இருக்கட்டும்" என்றார் பெரியவர். பாய் கட்டிய கப்பல்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். பாய் விரித்த பரிசலை அன்றுதான் பார்த்தோம்.

மூன்றாம் நாள் தடை நீங்கியது. பெரியம்மா மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தேக்குப் பலகை அச்சின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பரிசல் கரையை விட்டதுதான் தாமதம், தன் பக்கத்துப் பாதியின் நுனியைத் தூக்கிக் கீழே பார்த்தாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் பார்த்தாள். நாங்களெல்லாம் அருவியைப் பார்த்தோம். அவள் போகவரக் கோணியையும் மூங்கிலையுமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, அது என் வேலைங்க. நீங்க ஆத்தைப் பாருங்க" என்றார் பெரியவர்.

"நீ துடுப்பைப் பார், இதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள் பெரியம்மா.

கரை சேர்ந்ததும் அவர் இரண்டு பாதிகளையும் எடுத்துப் பாறைமேல் காயப் போட்டார். கோணியை உதறினார். பரிசலைச் சாய்த்து நிறுத்தி, ஈரமாயிருந்த மூங்கில் தரையை வெயிலுக்குக் காட்டி வைத்துவிட்டு, வரிசையில் நின்றிருந்தவர்களிடம் அடுத்த சவாரிக்கு அரை மணி நேரம் ஆகும் என்று சொன்னார்.