சுவருக்கு என்ன வர்ணம்?

வீட்டுக்கு வர்ணம் பூசுவதெல்லாம் ஒரு பிரயாணக் கட்டுரைக்கு விஷயமா என்று நேயர்கள் கேட்கலாம். வியாசர்பாடிக்கு ஒரு முறை போய் வந்தால் கேட்கமாட்டார்கள்.

தோழர் ஜீவானந்தத்தின் பெயர் தாங்கிய ரயில் நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இறங்கினேன். தங்கையின் கல்யாணத்துக்கு முன் வீட்டுக்கு வர்ணம் பூசவேண்டும், வந்து யோசனை சொல்லவேண்டும் என்று பழைய மாணவன் ஒருவன் அழைத்திருந்தான். ரசாயனம் கற்பிக்கிறவனுக்கு வர்ணமும் தெரிந்திருக்கும் என்பது அவன் நம்பிக்கை!

இரண்டே அறைகள். இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர்கள். வெளிச்சத்துக்கு ஒரே ஜன்னல். 2023 டிசம்பர் புயல் மழையில் உள்ளே புகுந்த வெள்ளத்தின் கோடு இன்னும் இடுப்பளவில் தெரிந்தது. அதன் மேல் பூசிய விலையுயர்ந்த வர்ணம் அப்பளம் போல் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

தங்கை வர்ண அட்டையை நீட்டினாள். அவள் விரல் கருநீலத்தின் மேல் இருந்தது.

"இருட்டு ரூமுக்கு இருட்டுக் கலரா? சுண்ணாம்பு அடிங்க வாத்தியாரே" என்றார் ஆயா. அவர் கணவர், 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறப்பதற்குக் காரணமாயிருந்த பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையில் பிற்காலத்தில் வேலை பார்த்தவர். அந்த ஆலை 1996-ல் மூடப்பட்டது. "ஆலைக் காக்கி வெளுக்காது. சுண்ணாம்பு வெளுக்கும், வருஷா வருஷம் பொங்கலுக்கு அடிப்போம்" என்றார்.

தங்கை மெதுவாகச் சொன்னாள்: "போற வீட்டுல என்னைக் கேட்பாங்களோ என்னவோ, சார். இங்கயாச்சும் நான் சொன்ன கலர் இருக்கட்டுமே."

அதற்கு நான் என்ன பதில் சொல்வது? சுவரைத் தட்டிப் பார்த்தேன்.

ஆயா சொன்னதில் ரசாயனம் இருந்தது. பழவேற்காட்டுக் கிளிஞ்சலைச் சுட்டால் கரியமில வாயு நீங்கிவிடும். நீர் ஊற்றினால் கொதித்து நீறும். சுவரில் பூசிய பிறகு, காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. ஆயினும் அது மூச்சு விடும் கல்; சுவரின் ஓதத்தை வெளியே போகவிடும். எண்ணெய் வர்ணமோ ஓதத்தை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட நீர் வர்ணத்தையே தள்ளிக்கொண்டு வெளிவரும். வெண்மை வெளிச்சத்தையும் வாரி இறைக்கும், கருநீலம் விழுங்கிவிடும்.

"அப்படியானால் நீலமே கூடாதா?" என்றாள் அவள்.

கூடும். சுண்ணாம்பின் காரத்தில் பல வர்ணங்கள் வெளிறிப்போகும். காவியும் சலவை நீலமும் நிற்கும். 1917-ல் சம்பாரணில் காந்தியடிகள் யாருக்காகப் போராடினாரோ அந்த விவசாயிகள் பயிரிட்ட அவுரி நீலம் வேறு, இது வேறு. இதைச் சுண்ணாம்பில் சிறிது சேர்த்தால் வெள்ளை பளிச்சிடும். கூடச் சேர்த்தால் விடியற்கால வானம்.

இன்னொன்றும் சொன்னேன். கதவிலிருந்த பழைய மஞ்சள் எண்ணெய் வர்ணத்தை உலர்ந்தபடி சுரண்டக்கூடாது. பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாதென்ற சட்டம் நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். மாணவனின் இரண்டு வயது மகன் அப்போது அந்தக் கதவடியில்தான் தவழ்ந்து கொண்டிருந்தான். அவனை வெளியே அனுப்பிவிட்டு, கதவை நனைத்துச் சுரண்டி, தரையை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன்.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பழைய பூச்சைச் சுரண்டி, சுவரை உலரவிட்டு, மூன்று முறை அடித்திருந்தார்கள். அறை முழுவதும் இளநீலம். ஆயா அதைச் சுண்ணாம்பு என்கிறார். பேத்தி நீலம் என்கிறாள். இருவர் சொல்வதும் உண்மை.