அறுந்த பெல்ட்டின் சாட்சி

பழைய கார் வைத்திருப்பவனுக்குச் சங்கீத ஞானம் தானாக வந்துவிடும். எந்த மூலையிலிருந்து எந்தச் சத்தம் கிளம்புகிறது, அதைத் தீர்க்க எவ்வளவு ரூபாய் ஆகும் என்பதெல்லாம் காதுக்கே தெரிந்துவிடும். என்னுடையது மார்க் 3 அம்பாஸடர். அந்தக் காரின் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. என் கார் மட்டும் துறையூரில் இன்னும் ஓடுகிறது.

போன வருஷம் அது ஒரு புது ராகம் எடுத்தது. காலையில் கிளப்பியதும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கிறீச்சொலி. ஐந்து நிமிஷத்தில் அடங்கிவிடும். "ஃபேன் பெல்ட் தொய்ந்துவிட்டது" என்று பட்டறையில் இறுக்கினார்கள். சில நாளில் அறுந்தது. புதிது போட்டு இன்னும் இறுக்கினார்கள், அதுவும் அறுந்தது. சரக்கு மட்டம் என்றார் ஒருவர். பட்டறைக்காரரோ, தொழில் பழக வந்திருந்த பையன்தான் சரியாக மாட்டவில்லை என்றார்.

மூன்றாவது பெல்ட் புலிவலத்தருகே இரவு பத்தரை மணிக்கு அறுந்தது. பின் ஆசனத்தில் அடுத்த வீட்டுப் பெண். பிரசவ வலி கண்டு திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தோம். சிவப்பு விளக்கு எரிந்தது. ரேடியேட்டர் தண்ணீரைச் சுழற்றும் பம்பு, விசிறி, டைனமோ மூன்றையும் ஓட்டுவது அந்த ஒரு பெல்ட்தான். அது போனபின் ஓட்டினால் இன்ஜின் கொதித்துப் போகும். 108-க்குச் சொல்லிவிட்டு இருட்டில் நின்றோம். பெண்ணின் தாயார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை. நல்லவேளையாக ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தது. விடியற்காலை பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் பையன் வாங்கிய வசவு கேட்கச் சகிக்கவில்லை. இனி வர வேண்டாம் என்றே சொல்லிவிட்டார் பட்டறைக்காரர். பஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"அறுந்த பெல்ட்டை எல்லாம் என்னடா தம்பி பண்ணினே?" என்று கேட்டார். பையன் மூன்றையும் ஆணியில் மாட்டி வைத்திருந்தான். அவற்றை ஜாதகம் பார்ப்பதுபோல் புரட்டினார் பெரியவர்.

முதல் பெல்ட்டின் இரு பக்கமும் கண்ணாடிபோல் மினுமினுத்தன. தொய்ந்து வழுக்கியதற்கு அடையாளம். கிளப்பியவுடன் பாட்டரிக்கு மின்சாரம் அதிகம் வேண்டும். அப்போது டைனமோவைச் சுழற்றுவது கடினம். தொய்ந்த பெல்ட் வழுக்கிக் கத்தும். மற்ற இரண்டிலும் ஒரு பக்க ஓரம் மட்டும் நார் நாராய்ப் பிரிந்திருந்தது. புல்லிகள் ஒரே நேரில் இல்லாவிட்டால்தான் அப்படித் தேயும்.

இன்ஜினை ஓடவிட்டு, எட்ட நின்று, பெல்ட்டின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். சத்தம் கூடினால் தொய்வு. அடங்கிவிட்டுத் திரும்ப வந்தால் நேர்க்கோணல். எங்களுடையது அடங்கிவிட்டுத் திரும்ப வந்தது. இன்ஜினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றி டைனமோ புல்லியை அசைத்தார். ஆடிப்போன பல்லைப்போல் ஆடிற்று.

"பெல்ட்டு கத்துச்சுன்னு வீணைத் தந்தி மாதிரி முறுக்கிட்டீங்க. அந்த இழுப்புல பேரிங் போச்சு. பேரிங் போனதும் புல்லி சாஞ்சுது. சாஞ்ச புல்லி பெல்ட்டைத் தின்னுது. பையன் என்ன சார் பண்ணுவான்?"

இந்த வி-பெல்ட்டின் சூட்சுமமே அதன் பக்கங்களில்தான் இருக்கிறது. டென்வர் நகரத்து ஜான் கேட்ஸ் 1917-ல் இதைக் கொண்டுவந்தார். புல்லியின் பள்ளத்துச் சுவர்களைப் பக்கங்களால் கவ்விப் பிடிப்பதால் அளவுக்கு மேல் இறுக்கத் தேவையில்லை. நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும், அவ்வளவுதான். மாட்டும்போது டைனமோ போல்ட்டைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். திருப்புளியால் நெம்பி ஏற்றினால் உள்ளிருக்கும் இழைகள் வெளியே தெரியாமல் அறும். சோப்புத் தடவுவது சத்தத்தை மூடி வைக்கும், வியாதியைத் தீர்க்காது.

பேரிங் மாற்றி, புல்லிகளின்மேல் இரும்பு ஸ்கேலை வைத்து நேர் பார்த்துப் பூட்டினார்கள். பத்து மாதமாக அதே பெல்ட் சத்தமின்றி ஓடுகிறது.

பட்டறைக்காரர் பையனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நம் ஊர்ப் பட்டறைகளில் அந்த வழக்கம் கிடையாது. ஒரு டீ வாங்கி அவன் பக்கம் நகர்த்தினார், பையனும் குடித்தான். ஆனாலும் அந்த மூன்று பெல்ட்டுகளையும் அவன் இன்னும் ஆணியிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.