அஞ்சடியில் கிடைக்கும் வெளிச்சம்

ஒளிப்படம் எடுக்கப் பழகுவோருக்கு நூல்கள் முதலில் சொல்லும் அறிவுரை, காலையும் மாலையும் வரும் பொன்னிற வெயிலில் முகங்களைப் படமெடுங்கள் என்பதே. அந்நூல்களுள் பல குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே சூரியன் சாய்வாக, மெதுவாக இறங்கும். நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று அதிகமாக வடக்கே இருக்கும் சிங்கப்பூரிலோ அது நேராக விழுந்து மறைந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் உதயம் காலை 7 மணியளவில். மறைவு மாலை 7 மணியளவில். காலை 7 மணிக்கு நம் பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்!

ஆகவே நமக்கு எஞ்சுவது நடுப்பகல். 1982ஆம் ஆண்டு முதல் நாளில் நம் கடிகாரங்கள் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டன. அதனால் இங்குச் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 1 மணியை ஒட்டித்தான். அந்த நேரத்தில் திடலில் படமெடுத்தால் புருவத்தின் நிழல் கண்களை மூடும். மூக்கின் நிழல் மீசைபோல் உதட்டின்மேல் விழும்.

இதற்கான விடை லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளில் இருக்கிறது. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், வீடுகளின் முன்னால் கூரையிட்ட தொடர் நடைவழி விடவேண்டும் என்றிருந்தது. நம்மவர் அஞ்சடி என்பது அதைத்தான். கூரை உச்சி வெயிலைத் தடுத்துவிட, வெளிச்சம் தெருப்பக்கத்திலிருந்து மட்டும் முகத்திற்கு வரும். பிள்ளையை விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, தெருவை நோக்கி நிறுத்துங்கள். கண்மணியில் சிறு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இடம் சரி. சிராங்கூன் சாலையில், லிட்டில் இந்தியா ஆர்கேட் உள்ள வரிசை காலையில் நிழலாக இருக்கும். மாலையில் எதிர்ப்பக்கம் செல்லவேண்டும். 1900இல் கட்டப்பட்ட டான் டெங் நியா வீட்டின் வண்ணச் சுவர்கள் பின்னணிக்கு அழகுதான். ஆனால் சுவரை ஒட்டி நின்றால் அதன் வண்ணம் கன்னத்தில் ஏறிவிடும். லிட்டில் இந்தியா வரை போக இயலாதவர்களுக்கு வீவக புளோக்கின் கீழ்த்தளம் போதும். அதுவும் அஞ்சடியின் தம்பிதான்.

கற்றல் பயணமாகத் தேக்காவுக்குச் சென்றபோது, தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மாணவி ஒருத்தி, "நான் பின்னாலேயே நிற்கிறேன் டீச்சர். படத்தில் என் கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரியும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது முகத்தின் குறையன்று, கணக்கின் குறை. கேமரா தான் காணும் காட்சியைச் சராசரிச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். பின்னால் வானமோ வெண்சுவரோ இருந்தால் முழுப் படத்தையும் இருட்டாக்கும். முதலில் மறைவது கரிய முகம். ஃபிலிம் காலத்திலும் இதே கதைதான். வண்ணத்தைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய 'ஷர்லி அட்டை'யில் பல்லாண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்.

அம்மாணவியை அஞ்சடியில், கடையின் நிழலான உட்புறம் பின்னணியாக அமைய நிறுத்தினேன். கைப்பேசித் திரையில் அவள் முகத்தைத் தொட்டதும் படம் வெளிறியது. இப்போது கணக்கு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. ஆகவே சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுத்தேன். தோழி ஒருத்தி வெள்ளை அட்டை ஒன்றை அவள் மார்பளவில் பிடித்துக்கொள்ள, தாடையின் கீழிருந்த நிழல் கரைந்தது. அவள் நிறம் அவள் நிறமாகவே வந்தது. படத்தை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தை அனுப்பியபோது அவள் தாயார், "நல்லா இருக்கு டீச்சர், கொஞ்சம் வெள்ளையாக்க முடியுமா?" என்று கேட்டார். அதற்கு ஒரு விரல் அசைவு போதும். அதைச் செய்யமாட்டேன் என்று பணிவாகச் சொல்லி, அவள் அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தவர், பிறகு பெரிய அளவில் ஒரு பிரதி கேட்டார். ஊரிலுள்ள பாட்டிக்காம்.

தீபாவளி விளக்குகளின் ஒளியில் முகங்களை எடுப்பது வேறு கணக்கு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.