போ... போ...!

ஸ்நேகிதிக்குப் புத்திமதி சொல்லிவிட்டு, பிற்பாடு அதை நினைத்து வெட்கப்பட்டதுண்டா நீங்கள்? எனக்கு அந்த அனுபவம் உண்டு.

சிட்லபாக்கத்தில் என் காலேஜ் தோழி ஒருத்தி இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் போன் செய்து, "ஒன்பது வயசுப் பெண் ஒருத்தியைத் தத்து எடுத்துக்கப் போறோம்டி. ஒடிஷாவிலேருந்து வரா" என்றாள். "உனக்கென்ன பைத்தியமா? எடுத்துக்கிறதுதான் எடுத்துக்கிறே, தவழற குழந்தையாப் பார்த்து எடுத்துக்கக் கூடாதா? எல்லாம் தெரிஞ்ச பெண் உன்னை அம்மாவா நினைக்குமா?" என்று அடுக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டாள். "ஒரு நாள் வந்து பாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

உங்களில் முக்கால்வாசிப் பேர் என் கட்சியில்தான் இருப்பீர்கள் என்று தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்ட சமாசாரத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். கொட்டாவி வந்தால் நான் பொறுப்பல்ல. நம் பாட்டிமார் அறிந்த தத்தெல்லாம் சொந்தத்துக்குள்ளேயே முடிந்துவிடும். பங்காளி வீட்டுப் பிள்ளையை மடியில் வைத்து வாங்கிக் கொள்வார்கள். 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டம் அந்த மாதிரித் தத்துக்களுக்குத் தோதானது. இல்லங்களில் வளரும் குழந்தைகளுக்கு இப்போது 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது. தேசம் முழுவதற்கும் ஒரே பதிவு. அதனால்தான் சிட்லபாக்கத்துத் தம்பதிக்கு ஒடிஷாக் குழந்தை. கடைசி உத்தரவை முன்பெல்லாம் கோர்ட்டில் வாங்க வேண்டும்; 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரே போடுகிறார். எட்டு வயசு தாண்டிய குழந்தையானால் புருஷன், பெண்டாட்டி இருவர் வயசையும் கூட்டினால் 110-ஐத் தாண்டக் கூடாது. கைக்குழந்தை வேண்டும் என்பவர்கள் வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். பெரிய குழந்தைகள் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். அங்கே காத்திருப்பது குழந்தைகள்தான்.

எட்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி, கையில் ஒரு ஸ்வீட் பெட்டியுடன் அசடு வழியப் போய் நின்றேன். பெண் மாடியில் துணி உலர்த்திக் கொண்டிருந்தாள். தோழி அடுக்களையில் காப்பி கலந்தபடியே முதல் வாரக் கதையைச் சொன்னாள்.

வந்த அன்று ராத்திரி பெண் தூக்கத்தில் அழுதாளாம். இவள் கிட்டப் போய்த் தட்டிக் கொடுக்கப் போனால், "போ... போ..." என்று விம்மியிருக்கிறாள். இவளுக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. சத்தமில்லாமல் எழுந்து வந்து, விளக்குக்கூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்து கொண்டாள். மறுநாளும் அதே கதை. நான்கு ராத்திரி அப்படிப் போனது. "நீ போன்ல சொன்னியே, அதெல்லாம் காதுல ரீங்காரம் போட்டுதுடி" என்றாள். நான் காப்பியைப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் பக்கத்து மனையில் கட்டட வேலை செய்யும் ஒடிஷாக்காரர் ஒருவரை டீக்கடை வாசலில் பிடித்து, அரைகுறை ஹிந்தியில் கேட்டிருக்கிறாள்: "உங்க பாஷைலே போன்னா என்ன?" அவர் விழித்தாராம். இரண்டு, மூன்று தடவை சொல்லிக் காட்டிய பிறகு, "போஉ?" என்று 'ப'வை அழுத்தித் திருத்திவிட்டு, "மா, மா!" என்றாராம்.

போஉ என்றால் அம்மா!

"பெத்தவளைக் கூப்பிட்டு அழுதிருக்குடி குழந்தை. நான் என்னடான்னா எழுந்து எழுந்து போயிண்டிருந்தேன். அன்னி ராத்திரிலேருந்து அது போன்னு சொன்னா நான் இன்னும் கிட்டப் போயிடுவேன்."

மாமியார் விஷயம் வேறு. அந்த அம்மாளுக்கு பாஷையே தேவைப்படவில்லை. தோசையும் உப்புமாவும் தட்டில் ஆறிப் போய்க் கொண்டிருந்த நாளில், காலையில் அவர் பழையது கரைத்து உட்கார்ந்திருக்கிறார். பெண் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டிற்றாம். ஒடிஷாவில் இதற்குப் பகாள என்று பேர்; வெயில் காலத்தில் அவர்களுக்கு அதுதான் அமிர்தம். அன்று முதல் இருவருக்கும் ஒரே கிண்ணம், ஒரே மாவடு ஜாடி.

ஆறு மாசத்தில் பெண் தமிழ் பேச ஆரம்பித்துவிட்டாள். 'ள'வும் 'ண'வும் அவள் பாஷையிலேயே உண்டாதலால் சுத்தமாக வருகிறது, 'ழ'தான் தகராறு. (நம் வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்?) தெருவே மெச்சுகிறது. ஆனால் தோழிக்கு அதில் ஒரு கிலி பிடித்திருக்கிறது. ஒரு நாள் மின்மினிப் பூச்சிக்குத் தன் ஊர் வார்த்தை ஞாபகம் வராமல் பெண் அரை மணி நேரம் விசித்து அழுததாம். "இன்னிக்கு மின்மினி மறந்தது. நாளைக்கு 'போஉ' மறந்துட்டா? அந்த அம்மாவுக்கு இந்த உலகத்துலே இருக்கிறது அந்த ஒரு வார்த்தைதானே!"

அவள் பயம் வீண் பயமில்லை. 2003-இல் பிரான்ஸில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. கொரியாவில் பிறந்து, மூன்று வயசுக்கும் எட்டு வயசுக்கும் நடுவே பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப் போனவர்களைப் பெரியவர்களான பிறகு சோதித்தார்கள். தாய்மொழி வாக்கியத்தைக் காதில் போட்டால், அது எந்த பாஷை என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. மூளையைப் படம் பிடித்தும் சுவடு காணோம். ஆனால் 2014-இல் கனடாவில் மான்ட்ரியலில் வேறு மாதிரி கண்டார்கள். மூன்று வயசுக்குள் சீனாவிலிருந்து வந்து பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த பெண்கள், சீனத்தின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டபோது, அவர்கள் மூளை சீனம் பேசுகிறவர்களின் மூளையைப் போலவே வேலை செய்தது. அர்த்தம் தெரியாது, ஆனாலும் உள்ளே எதுவோ விழித்துக் கொள்கிறது.

நம் பக்கத்திலிருந்தும் அக்கரைக்குப் போன குழந்தைகள் உண்டு. எழுபதுகளில் பல்லாவரத்து இல்லம் ஒன்றிலிருந்து டென்மார்க் போன ஒருவர், நாற்பது வருஷம் கழித்துத் தேடி வந்து அம்மாவைக் கண்டுபிடித்த செய்தியைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். பத்திரிகைக்காரி என்றாலும், அப்போது அது எனக்கு ஒரு நாள் செய்திதான். இப்போது நினைத்தால், முதல் வார்த்தையை எந்த பாஷையில் பேசியிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

தோழி என்ன செய்கிறாள் தெரியுமா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானாத்தூரில் ஜகந்நாதர் கோயில் இருக்கிறதல்லவா? ஒடியா பேசுகிறவர்கள் வருகிற இடம். ஞாயிறு தவறாமல் பெண்ணை அங்கே அழைத்துப் போகிறாள். முதல் இரண்டு வாரம் பெண் வாயைத் திறக்கவில்லை. தூணோடு ஒட்டிக் கொண்டு பேச்சுக் குரலை மட்டும் கேட்டிருக்கிறாள். மூன்றாம் வாரம் ஒரு கிழவி தோழியைச் சுட்டிக் காட்டி, ஒடியாவில் ஏதோ கேட்டாளாம். பெண் சற்று யோசித்து, "அம்மா" என்று தமிழில் சொன்னாளாம்.

"அந்த வார்த்தையை உனக்குக் கொடுக்கலைன்னு வருத்தமில்லையாடி?" என்றேன்.

"அது இன்னொருத்தி சொத்து. எனக்கெதுக்கு?" என்று டம்ளரை எடுத்துக் கொண்டு போய்விட்டாள்.

மாடியிலிருந்து இறங்கி வந்த பெண், அலமாரியிலிருந்து ஒரு நோட்டுப் புஸ்தகத்தைக் கொண்டு வந்தாள். இடது பக்கம் ஒடியாச் சொல் தமிழ் எழுத்தில். வலது பக்கம் அர்த்தம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு வார்த்தை படித்துக் காட்ட வேண்டுமாம். முதல் பக்கத்து முதல் வரியில் விரலை வைத்தாள். "போ" என்றேன்.

"அப்படி இல்லே, அத்தை" என்றாள்.

மூன்றாம் தடவைதான் பாஸ் போட்டாள்.